கோச் ஜெபிக்கச் சொன்னால் பிள்ளையால் மறுக்க முடியுமா?

கேள்வி:
என் மகனுக்குப் பதினான்கு வயது, கால்பந்து ஆடுகிறான். கோச் நல்ல மனிதர், பக்தி உள்ளவர். ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்து ஜெபம் பண்ணுவார். நாங்களும் விசுவாசிகள்தான், ஆனால் டீமில் எல்லாரும் அப்படியில்லை. போன மாதம் ஒரு பையன் வட்டத்துக்கு வராமல் ஓரமாக நின்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். அடுத்த மேட்சில் அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் என் மகன் வீட்டுக்கு வந்து, "அம்மா, நான் இனிமேல் சத்தமாக ஆமென் சொல்லப்போகிறேன்" என்றான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. இதை ஊழியம் என்று சொல்லலாமா?

பிப்ரவரி 9, இரவு

அக்கா, நான் பதினோரு வருடமாக இளம் விளையாட்டு வீரர்கள் நடுவில் ஊழியம் செய்கிறேன். அதற்கு முன் நானே நானூறு மீட்டர் ஓடியவன். கோச்சின் பக்கம் நின்றுதான் பதில் சொல்லப்போகிறேன்.

வாரத்தில் ஆறு நாள் ஒரு பிள்ளையைப் பார்ப்பவர் கோச். போதகர் பார்ப்பது ஒரு நாள், அதுவும் மேட்ச் இல்லாத ஞாயிறாக இருந்தால். அழுகிற பிள்ளை முதலில் கோச்சிடம்தான் அழுகிறது. இந்த ஊழியத்தின் பெரிய இயக்கங்களில் ஒன்று பிறந்ததும் ஒரு கோச்சின் பாரத்தில்தான். 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் டான் மெக்ளானன் என்ற கூடைப்பந்து பயிற்சியாளர், பெயர்பெற்ற வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் கடிதம் எழுதித் தொடங்கியதுதான் கிறிஸ்தவ விளையாட்டு வீரர்கள் ஐக்கியம். சோப்புக்கும் சவரக் கத்திக்கும் வீரர்கள் விளம்பரம் தருகிறார்களே, அவர்களே ஆண்டவரைப் பற்றிச் சொன்னால் இளைஞர்கள் கேட்க மாட்டார்களா என்பது அந்தக் காலத்து யோசனை.

ஸ்காட்லாந்து ஓட்டவீரர் எரிக் லிடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குக் கப்பலேறப் போகும் நேரத்தில்தான் நூறு மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று அவருக்குத் தெரிந்தது. கர்த்தருடைய நாளில் ஓட மாட்டேன் என்று அங்கேயே சொன்னார். பிறகு நானூறு மீட்டர் ஓடி 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார். விசுவாசத்தை மறைக்காத ஒரு மனிதரை நூறு வருடம் கழித்தும் பிள்ளைகளுக்குச் சொல்ல முடிகிறது. உங்கள் கோச்சும் மறைக்கவில்லை. அதை நான் குறையாகப் பார்க்க மாட்டேன்.

பிப்ரவரி 10, காலை

நேற்று எழுதியதில் ஒரு தவறு. கப்பலேறும்போது தெரிந்தது என்பது லிடல் பற்றிய திரைப்படத்தில் பார்த்து மனதில் பதிந்துவிட்ட காட்சி. உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே லிடலுக்கு அட்டவணை தெரியும். அந்த மாதங்களில் அவர் இருநூறுக்கும் நானூறுக்கும் தயாரானார். இருநூறில் வெண்கலமும் வாங்கினார்.

எனக்கு இதுதான் இன்னும் பிடிக்கிறது. கடைசி நிமிட வீரத்தைவிட, யாரும் பார்க்காத மாதங்களில் வேறொரு தூரத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

பிப்ரவரி 12

இரண்டு நாளாக உங்கள் மகன் சொன்ன வாக்கியம் என்னை விடவில்லை, அக்கா. "சத்தமாக ஆமென் சொல்லப்போகிறேன்." முதல் பதிலில் நான் அதைத் தொடவே இல்லை. கோச்சைப் பற்றிப் பேசினேன், பையனைத் தாண்டிப் போய்விட்டேன்.

என் கதையைச் சொல்கிறேன். பதினேழு வயதில் ரிலே டீமில் நான்காவது இடத்துக்கு நானும் இன்னொரு பையனும் போட்டி. நேரம் பார்த்தால் இரண்டு பேருக்கும் கால் விநாடிகூட வித்தியாசம் இல்லை. எங்கள் சார் ஜெபிக்கிற மனிதர். நான் ஜெபக்கூட்டத்தில் முன்வரிசையில் உட்காரத் தொடங்கினேன். அவர் காதில் விழும்படி ஜெபித்தேன். இடம் எனக்குக் கிடைத்தது. நேரத்தை வைத்துக் கொடுத்தாரா, ஜெபத்தை வைத்துக் கொடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த இன்னொரு பையன் அடுத்த சீசனில் ஓட வரவில்லை. அவனுக்கும் அது தெரிந்திருக்காது. அந்தச் சந்தேகத்தோடுதான் அவன் போயிருப்பான்.

சார் எந்தத் தப்பும் செய்யாதவராக இருக்கலாம். ஆனாலும் அந்தச் சந்தேகத்துக்கு இடம் வைத்தது தப்புதான்.

ஆகவே என் முதல் பதிலைத் திருத்துகிறேன். டீமைத் தேர்ந்தெடுக்கிறவர் டீமுக்கு ஜெபத்தை நடத்தக் கூடாது. யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்கிற அதே வாய் "வாங்க, ஜெபிக்கலாம்" என்றால், பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது அழைப்பாகக் கேட்காது. கட்டளையாகத்தான் கேட்கும்.

சட்டம் வேறு பேசும் என்று சிலர் சொல்வீர்கள். அமெரிக்காவில் பிரெமர்ட்டன் பள்ளி வட்டாரத்தில் ஜோசப் கென்னடி என்ற உதவிப் பயிற்சியாளர், மேட்ச் முடிந்ததும் மைதானத்தின் நடுக்கோட்டில் முழங்காலிட்டு ஜெபித்தார். வேலை சிக்கலாகி வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2022 ஜூன் 27 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. அது அவருடைய சொந்த ஜெபம், அதற்கு அவருக்கு உரிமை உண்டு என்றது பெரும்பான்மை. அதே வழக்கில் பதிவான இன்னொரு விஷயத்தை நம்மவர்கள் சொல்வதில்லை. ஒரு பையனின் தகப்பன், தன் மகன் கடவுள் நம்பிக்கை இல்லாதவன் என்றும், சேராவிட்டால் ஆட வாய்ப்பு குறையும் என்று பயந்து சேர்ந்தான் என்றும் சொல்லியிருந்தார். கோச்சுக்கு உரிமை இருக்கிறதா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். ஊழியக்காரன் அந்த ஒரு பையனைப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 13

"அப்போது கோச் தன் விசுவாசத்தைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டுமா?" என்று ஒரு தம்பி கோபமாகக் கேட்டிருக்கிறார்.

வேண்டாம், தம்பி. தனியாக ஜெபிக்கட்டும். பிள்ளை கேட்டால் சொல்லட்டும். ரெஃபரி தப்பாக விசில் ஊதும்போது வாயை அடக்கட்டும். தோற்றுப்போன பஸ் பயணத்தில் கோல் விட்ட கீப்பருக்குப் பக்கத்தில் போய் உட்காரட்டும். ஜெபத்தை வேறு யாராவது, செலக்‌ஷனில் கை இல்லாத ஒருவர், வேறு நேரத்தில், வர விரும்புகிறவர்களுக்கு மட்டும் நடத்தட்டும். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்ற கணக்கு கோச்சுக்குப் போகக் கூடாது. எங்கள் குழுவில் வருகைப் பதிவே எடுப்பதில்லை.

பிப்ரவரி 13, இரவு

ஜெயிக்க ஜெபிக்கலாமா என்ற கேள்விக்கு.

எங்கள் குழுவில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, அந்த டீம் அக்காவும் ஜெபம் பண்றாங்க. இயேசப்பா யாருக்குச் சரின்னு சொல்வார்?" எல்லாரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். ஆனால் பதிலுக்காகக் காத்திருந்தாள். "ரெண்டு பேரும் காயம் படாம, ஏமாத்தாம, முழு பலத்தோட ஆடணும்னு கேளு. அதை ரெண்டு பேருக்கும் அவரால கொடுக்க முடியும்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு ஓடிவிட்டாள்.

பெரிய பிள்ளைகளிடம் வேறு சிக்கல். ஷூவில், கைப்பட்டையில், போன் திரையில் எங்கும் பிலிப்பியர் 4:13. கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு. அந்த எல்லாவற்றிலும் கோப்பையைத்தான் பார்க்கிறார்கள். ஒரு வசனம் முன்னால் போகச் சொல்லுங்கள். "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்கிறார் அப்போஸ்தலன் பவுல். திருப்தியைச் சொன்ன கையோடு பட்டினியையும் சொல்கிறார். எழுதும்போது அவர் காவலில் இருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு எழுதின வசனம் அது. கோல் போட்டவன் மட்டும் அதைக் கையில் கட்டிக்கொண்டு சுற்றுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் இப்போது பிள்ளைகளிடம் அந்த வசனத்தை ஜெயித்த நாளில் சொல்வதில்லை.

பிப்ரவரி 16

பவுலைப் பற்றிப் பேச்சு வந்ததால், தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த ஒன்றை எழுதிவிடுகிறேன்.

அவர் கொரிந்தியருக்கு ஓட்டப்பந்தயத்தைப் பற்றி எழுதினது சும்மா இல்லை. கிரேக்க நகரமான கொரிந்துக்குப் பக்கத்திலேயே இஸ்த்மியப் போட்டிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடந்தன. ஜெயித்தவனுக்குக் கிடைத்தது இலைகளால் பின்னிய கிரீடம், சீக்கிரம் காய்ந்துவிடும். அழிவுள்ள கிரீடம் என்று அவர் எழுதினதும் ஊர்க்காரர்களுக்குக் கண்முன் வந்திருக்கும். அதே பகுதியின் கடைசியில், "என் சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துகிறேன்" என்கிறார். விளையாட்டு ஊழியத்தில் இருக்கிற யாரும் இந்த வசனத்தைத் தொடாமல் இருந்திருக்க மாட்டார்கள். நானும் தொட்டேன். ஆறு வருடத்துக்கு முன் ஒரு சீசன் முழுக்க அதை வைத்துப் பேசினேன். வெள்ளிக்கிழமை உபவாசம் வைத்தோம். காலையிலிருந்து மாலைப் பயிற்சி முடியும்வரை சாப்பாடு இல்லை. கட்டாயம் இல்லை என்று சொல்லியிருந்தேன். நான் நடத்தினேன், ஆகவே எல்லாரும் வந்தார்கள்.

அதில் ஒரு பெண் பிள்ளை, பதினாறு வயது, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுவாள். வெள்ளி மட்டும் விட்ட சாப்பாடு புதனுக்கும் வந்தது, பிறகு இரவுச் சாப்பாடும் குறைந்தது. எடை குறையக் குறைய நேரமும் குறைந்தது, எல்லாரும் பாராட்டினோம். "உன் ஒழுக்கத்தைப் பாரு" என்று மற்றவர்கள் முன்னால் நானே சொன்னேன். நான்கு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே வலி. ஸ்கேன் எடுத்தார்கள், எலும்பில் மெல்லிய விரிசல். டாக்டர் அம்மா முதலில் கேட்ட கேள்வி மாதவிடாய் சரியாக வருகிறதா என்பது. பல மாதமாக வரவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளைச் சுற்றி இருந்த நாங்கள் எல்லாரும் ஆண்கள், எங்களிடம் எப்படிச் சொல்வாள்?

அதற்குப் பிறகுதான் படித்தேன். செலவாகிற ஆற்றலுக்கு ஏற்ற உணவு உள்ளே போகாவிட்டால் உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்திக்கொண்டு வருகிறது. மாதவிடாய் நிற்கும், எலும்பு பலவீனமாகும், மனசு சோர்ந்துபோகும், காயம் ஆற மறுக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்கு விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து, கோச்சுகளும் மருத்துவர்களும் கவனிக்கும்படி அறிக்கை வெளியிட்டது. நான் அந்த உபவாசத்தைத் தொடங்கும்போது அந்த அறிக்கை வெளிவந்து வருடங்கள் ஆகியிருந்தன. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வளர்கிற பிள்ளைக்கு, பயிற்சி நாளில், உபவாசம் வேண்டாம். அவ்வளவுதான். வேதத்தில் இன்னொரு ஓட்டக்காரர் இருக்கிறார். ஆகாப் ராஜாவின் ரதத்துக்கு முன்னால் ஓடின எலியா தீர்க்கதரிசி. மறுபடி அவரைப் பார்க்கும்போது சூரைச்செடியின் கீழ், போதும் கர்த்தாவே, சாகிறேன் என்று படுத்திருக்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை, எழுந்து சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுத் தூங்கினார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பேச்சு எல்லாம் அதற்கு அப்புறம்தான். இப்போது எங்கள் கூட்டம் சாப்பாட்டோடுதான் தொடங்குகிறது.

அந்தப் பிள்ளை மறுபடி ஓடினாளா என்று கேட்பீர்கள். ஓடினாள், ஆனால் போட்டிக்கு வரவில்லை. அவளிடமும் அவள் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். அம்மா மன்னித்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை.

பிப்ரவரி 17

மேலே எழுதியது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆண் பிள்ளைகளுக்கும் வருகிறது, எடைப்பிரிவு உள்ள விளையாட்டுகளில் அதிகம் பாருங்கள். அவர்களுக்கு மாதவிடாய் போன்ற வெளி அடையாளம் இல்லாததால் இன்னும் தாமதமாகத் தெரியும்.

இன்னொன்று. குழுவில் ஒரு பெண்மணியாவது பொறுப்பில் இல்லாமல் பெண் பிள்ளைகள் நடுவில் ஊழியம் தொடங்காதீர்கள்.

பிப்ரவரி 21

கோச்சுகளைத் திட்டுகிற கேள்வி-பதில் இழையாக இது மாறுகிறது என்று ஒரு பயிற்சியாளர் எழுதியிருக்கிறார். சார், அப்படி ஆகிவிடக் கூடாது. உங்களுக்காகத்தான் இந்தக் குறிப்பு.

கோச்சின் தனிமையை வெளியில் இருக்கிறவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். ஜெயித்தால் பிள்ளைகளின் திறமை, தோற்றால் அவருடைய குற்றம். பெற்றோர் நடுராத்திரியில் மெசேஜ் அனுப்புவார்கள். பள்ளி முடிவைக் கேட்கும். அவர் வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் எப்போதும் டோர்னமென்ட் நடுவில்தான் வரும். அவருக்கு ஊழியம் செய்கிறவர் யார்? பிள்ளைகளிடம் போவதற்கு அவரை வாசலாகப் பயன்படுத்துகிறோம், வாசலைத் திறந்ததும் தாண்டி உள்ளே போய்விடுகிறோம். நானும் பல வருடம் அப்படிச் செய்தேன்.

உங்களுக்காக ஒரு மனிதரைச் சொல்கிறேன். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் உள்ளே அடைந்துகிடந்த இளைஞர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். இறையியல் படித்தவர். பிரசங்க மேடையைவிட விளையாட்டின் மூலம் இளைஞர்களிடம் போகலாம் என்று நம்பியவர். முதல் விதிகள் பதின்மூன்று. பந்தோடு ஓடக் கூடாது, தோளால் இடிக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது. பிறகு கான்சஸ் பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்தார். ஜெயித்தது 55, தோற்றது 60. அந்தப் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து கோச்சுகளில் ஜெயித்ததைவிட அதிகம் தோற்றவர் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் ஒருவர்தான். அவரை யாரும் தோற்றுப்போன மனிதர் என்று சொல்வதில்லை. உங்கள் கணக்கை யாராவது எண்ணிக் காட்டும்போது இந்த 55ஐயும் 60ஐயும் நினைத்துக்கொள்ளுங்கள், சார்.

பிப்ரவரி 24

ஞாயிற்றுக்கிழமைப் போட்டி பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். லிடலைக் காட்டி, ஆடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சட்டம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

லிடல் கதையில் பெரும்பாலும் விட்டுப்போகிற பகுதி ரிலே. அந்த ஒலிம்பிக்ஸில் இரண்டு ரிலேக்களின் இறுதிப்போட்டியும் ஞாயிறு. அவர் ஓடவில்லை. பிரிட்டன் டீம் அவர் இல்லாமலே 4×100 மீட்டர் ரிலேயில் வெள்ளியும் 4×400 மீட்டர் ரிலேயில் வெண்கலமும் வாங்கியது. தன் பதக்கத்தை விட்டுக்கொடுப்பது ஒன்று, கூட ஓடுகிற மூன்று பேரின் வாய்ப்பையும் சேர்த்து யோசிப்பது வேறு. ரிலே ஓடினவன் என்பதால் எனக்கு அந்த இரண்டாவதுதான் கனமாகத் தெரிகிறது. அதைச் சுமக்கிற முடிவை அவர் தானே எடுத்தார், யாரும் அவருக்காக எடுக்கவில்லை.

அவருக்குப் பல வருடம் கழித்து ஜோனதன் எட்வர்ட்ஸ், மும்முறைத் தாண்டுதல் வீரர். ஞாயிறு என்பதால் 1991 உலகப் போட்டியை விட்டார். 1993இல் மனதை மாற்றிக்கொண்டு ஞாயிறும் தாண்டினார். 1995இல் 18.29 மீட்டர், உலக சாதனை. சிட்னியில் ஒலிம்பிக் தங்கம். 2003இல் ஓய்வு. 2007இல், தனக்கு இப்போது விசுவாசம் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

இதைக் கூட்டங்களில் சொல்லாதே என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. நான் சொல்கிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, அவர் நேர்மையாகப் பேசினார். நான் கேட்பது நம்மை. மேடையில் நிறுத்திச் சாட்சி சொல்ல வைத்த வீரர்களில் எத்தனை பேரிடம், ஸ்பைக்ஸ் ஷூவைக் கழற்றின பிறகு, நாம் போய் உட்கார்ந்தோம்? ஜெயிக்கிறவர் சாட்சி நமக்கு வேண்டும். முப்பத்தைந்து வயதில், பதக்கங்களைப் பெட்டியில் வைத்துவிட்டு, இனி நான் யார் என்று கேட்கிறவருக்கு நம்மிடம் கூட்டமே கிடையாது.

பதினெட்டு வயதில் முட்டி போய்விட்ட பிள்ளைக்கும் அதே கேள்விதான் வருகிறது.

மார்ச் 2

அக்கா, உங்கள் பதில் பார்த்தேன். கோச்சிடம் நேரில் பேசியிருக்கிறீர்கள், அதுவும் மற்றப் பெற்றோர் முன்னால் இல்லாமல் தனியாக. நல்லது. பெஞ்சில் உட்கார வைத்த பையனுக்குக் கணுக்கால் சுளுக்காம். ஜெபத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லையாம். நீங்கள் கேட்டதும் அவருக்கே அதிர்ச்சி, பிள்ளைகள் அப்படி நினைப்பார்கள் என்று தோன்றவே இல்லை என்றாராம். நான் நம்புகிறேன். எங்கள் சாருக்கும் தோன்றியிருக்காது.

அவர் கேட்ட இரண்டு கேள்விகளுக்குப் பதில். ஜெபத்தை மேட்ச் முடிந்த பிறகுக்கு மாற்றலாமா? மாற்றலாம், ஆனால் நடத்துகிறவர் நீங்களாக இருக்க வேண்டாம், சார். எதிர் டீம் பிள்ளைகளும் வர விரும்பினால் வரட்டும். காயம் பட்ட பிள்ளைகளை வீட்டில் போய்ப் பார்க்கலாமா? தாராளமாகப் போங்கள், பெற்றோர் இருக்கும்போது, இன்னொரு பெரியவரோடு. தனியறையில் ஒரு பிள்ளையோடு கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிப்பது எவ்வளவு நல்ல நோக்கத்தோடு இருந்தாலும் வேண்டாம். மெசேஜ் அனுப்பினால் பெற்றோரும் இருக்கிற குழுவில் அனுப்புங்கள். இந்த விதியில் எனக்கும் விலக்கு இல்லை.

முதலில் அந்தக் கணுக்கால் பையனைப் பாருங்கள். எப்போது திரும்ப ஆடலாம் என்று அவனிடம் யாராவது சொன்னார்களா?

மார்ச் 3

கோச் நேற்று இரவு என்னை அழைத்தார். முக்கால் மணி நேரம் பேசினோம். டீமைப் பற்றிப் பத்து நிமிடம், மீதி எல்லாம் அவருடைய அப்பாவின் உடல்நிலை. இதைப் பேச அவருக்கு ஆளே இருந்ததில்லை. வியாழன் காலை ஐந்தரை மணிக்கு, பிள்ளைகள் வருவதற்கு முன்னால், மைதானத்தில் சந்திக்கிறோம்.